ஹவுஸ்ஃபுல் அக்கா

வீட்டில் விருந்தாளி தங்கியிருந்த நாளில் அவளுக்கு அடி விழுந்ததே இல்லை. இந்த விஷயத்தை அவள் கண்டுகொள்ளக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆயிற்று.

அதற்கு முன்னால் சந்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. படகுத்துறையிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுச் சந்தில், மாடியோடு கூடிய ஒடுக்கமான வீடு. வேலை, துறைக்கு எதிரே இருந்த பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில். ஈரம் காயாத படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளிவருவதை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். அதனால், அவளுடைய இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. உருளைக்குக் கூர்முனை கிடையாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை.

அந்தத் தழும்பு வீட்டில் வந்தது. கணவனின் சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் தப்பிப்போயிருந்தது.

"ஊரான் வீட்டுப் போர்வையெல்லாம் தேய்க்கிறவளுக்கு எஞ்சட்டைய தேய்க்கத் தெரியலையா?" என்றான். கேட்டுக்கொண்டே பெட்டியை எடுத்து அவள் கையின் மேல் வைத்தான். அழுத்தவில்லை. சும்மா வைத்தான். எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

அவன் படகு இன்ஜின் மெக்கானிக். துறையில் அவனைப் பிடிக்காத ஆள் கிடையாது. உதவி என்று யார் கூப்பிட்டாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவான். குழந்தைகளைக் கண்டால் காதுக்குப் பின்னாலிருந்து நட்டு, போல்ட் எடுத்து வேடிக்கை காட்டுவான். குடிக்க மாட்டான். குடிகாரனாக இருந்தால், குடித்ததால் அடித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இவன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. மனம் தெளிவாக இருக்கும்போது, நிதானமாக, கதவைச் சாத்திவிட்டு அடிப்பான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய ஃபேன் பெல்ட் தொங்கும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப அதே ஆணியில் மாட்டுவான். ஒழுங்கானவன்.

ஒருமுறை அவள் வலது மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு விட்டுப்போனது. விரிப்பின் முனையை இழுத்துப் பிடிக்க முடியாத கை சலவைப் பிரிவுக்கு எதற்கு? வேலை போயிற்று. பகல் முழுவதும் வீட்டில் இருக்க வேண்டியதானது. அவன் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒருங்கிணைப்பாளரம்மா சந்துக்கு வந்தாள். வெட்டிய முடி, தோளில் துணிப்பை, யாரைப் பார்த்தாலும் கைகொடுக்கும் பழக்கம். பெரிய ஹோட்டல்களால் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, பயணிகள் நேராக வீடுகளில் தங்கட்டும், வீட்டார் சாப்பிடுவதையே சாப்பிடட்டும் என்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தாள். நாடோ பெரிய நாடு. ஒரு கோடியில் பேசுவது மறு கோடியில் புரியாது. ஒரே நாட்டுக்காரர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது அவளுடைய ஆதங்கம்.

"எதையும் மாத்தாதீங்க. பெயின்ட்டுகூட அடிக்காதீங்க. நீங்க எப்படி இருக்கீங்களோ, அப்படியே இருங்க. அதைப் பாக்கத்தான் வர்றாங்க," என்றாள்.

மெக்கானிக்குக் குஷி. "நம்ம வீட்டுல என்னங்க இருக்கு பாக்க?" என்று சிரித்துக்கொண்டே மாடியறையைத் தானே சுத்தம் செய்துகொடுத்தான். ஒருங்கிணைப்பாளரம்மா போகும்போது, "உங்களுக்கு நல்ல வீட்டுக்காரர் அமைஞ்சிருக்கார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் வந்தவர்கள் நாட்டின் மறு கோடியிலிருந்து ஒரு வயதான தம்பதி. அவர் ஓய்வு பெற்ற ரயில் கார்டு. அந்தம்மா எந்நேரமும் எதையாவது பின்னிக்கொண்டிருப்பாள். பேச்சுப் புரியாது. பள்ளிக்கூடத்தில் பொதுமொழி படித்த இந்த வீட்டு மகள்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள். பாதி சொல்வாள், பாதியை விழுங்குவாள். கார்டு கையைக் கொடி மாதிரி ஆட்டி ரயில் கதைகள் சொன்னார். மெக்கானிக் வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டுக் காட்டினான். அவர்கள் இருந்த அத்தனை நாளும் வீட்டில் ஒரு சுடுசொல் இல்லை. மனைவியை அவன் "வாம்மா, போம்மா" என்றான். அவளுக்கே யார் வீட்டிலோ இருப்பதுபோல் இருந்தது.

அவர்களைப் படகில் ஏற்றிவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பொறி கலங்கும்படி ஓர் அறை.

"அந்தக் கிழவன் சொன்னதுக்கு என்னடி அப்படி ஒரு சிரிப்பு?"

தரையில் விழுந்து கிடந்தபடியே அவள் யோசித்தாள். இத்தனை நாள் சிரித்தேனே, அப்போதெல்லாம் ஏன் அடிக்கவில்லை? அடுத்த உதை இடுப்பில் விழுவதற்குள் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது.

மறுநாள் வீங்கிய முகத்தோடு முக்காடு போட்டுக்கொண்டு ஒருங்கிணைப்பாளரம்மாவின் ஆபீசுக்குப் போனாள். பல்வலி என்றாள். "எங்க வீட்டுக்கு யார் வேணாலும் அனுப்புங்க. எத்தனை நாள் வேணாலும் இருக்கட்டும்," என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டு மாடியறை காலியாக இருந்ததே இல்லை. அவளுக்குக் கூச்ச சுபாவம். அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்தாள். வந்தவர்களை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள், துணி துவைக்க வைத்தாள், மீன் கழுவ வைத்தாள். அவர்கள் பட்டணத்தில் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் வேலையையெல்லாம் இங்கே ஆசை ஆசையாகச் செய்துவிட்டு, "இதுதான் நிஜமான வாழ்க்கை," என்றார்கள். முக்கியமாக, சமையலறையில் அவளோடு யாராவது ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். "மாடியில தனியா என்ன பண்ணப்போறீங்க? இங்கேயே வந்து உக்காருங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போடுவாள். ஒருவர் கிளம்பும் படகிலேயே அடுத்தவர் வந்து இறங்கும்படி நாளைச் சரிசெய்துகொள்வாள். இடையில் அரை நாள் விழுந்துவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டே வாங்காமல், வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

சந்தில் மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். சினிமா தியேட்டர் போர்டு மாதிரி எப்போதும் நிரம்பியிருக்கிற வீடு என்று, இஸ்திரியக்கா ஹவுஸ்ஃபுல் அக்கா ஆனாள். தங்கிவிட்டுப் போனவர்கள் சங்கத்துக்கு எழுதிய பாராட்டெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அன்பான குடும்பம். வேடிக்கையான கணவர். ஒருநாள்கூடக் குரல் உயர்ந்ததில்லை.

ஆனால் அவன் முட்டாள் இல்லையே. அடிக்க முடியாத இடத்தில் சத்தம் வராமல் செய்வதைக் கற்றுக்கொண்டான். கதவிடுக்கில் அவளுடைய விரலை வைத்து மெல்ல மெல்லச் சாத்துவான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சாத்திவிட்டு, "என்ன, வெங்காயமா?" என்பான். வெளியே விருந்தாளி சிரிப்பார். குளியலறைப் பக்கம் அவள் தனியாகப் போனால் பின்னாலேயே வந்து கக்கத்துச் சதையைப் பிடித்துத் திருகுவான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் பூட்ஸ் குதிகாலால் அவள் கால்விரலை மிதித்துக்கொண்டே, மேலே கதை சொல்லுவான். அவள் முகம் மாறாமல் பரிமாறப் பழகிக்கொண்டாள். ஒரு கால்விரல் நகம் வளர்வதை நிறுத்திவிட்டது.

நாத்தனாரிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அவனுடைய தங்கை அதே சந்தில், படிக்கட்டின் அடியில், பைப்படிக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எங்கப்பாவைப் பாத்து வளந்தவ நான்," என்பாள். அவ்வளவுதான் சொல்லுவாள். அண்ணி சொன்னதைக் கேட்டபோதும் மிஷினை நிறுத்தவில்லை. "அண்ணன் கோவக்காரன்தான் அண்ணி. வாயக் குடுக்காதீங்க," என்றாள். ஊசி ஓடிக்கொண்டேயிருந்தது.

இப்படியே மூன்று வருடம் போயிற்று. சந்துக்குப் பேர் பரவிவிட்டது. எல்லா வீட்டு மாடியிலும் பயணிகள். காலையில் பைப்படியில் பயணிகளின் பக்கெட்டுகள்தான் முதலில் நின்றன. குப்பை படிக்கட்டில் வழிந்தது. வயதானவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருங்கிணைப்பாளரம்மா நியாயமான மனுஷி. உடனே கூட்டம் போட்டாள்.

"ஒரு மாசம் யாரும் வேண்டாம். சந்து கொஞ்சம் மூச்சு விடட்டும், தண்ணித் தொட்டி நிரம்பட்டும். பொறுப்பா பயணம் போறதுன்னா வர்றது மட்டுமில்லீங்க, வராம இருக்கிறதும்தான்."

கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குமுன் அவள் எழுந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்கு மட்டும் யாரையாவது அனுப்புங்க. ஒரே ஒருத்தர் போதும். தண்ணி நான் கீழேர்ந்து சுமந்துக்கிறேன்."

"அக்கா, ஒரு மாசம்தானே? உங்களுக்கும் ஓய்வு வேணாமா?"

"ஓய்வு வேணாம்மா எனக்கு. கேக்குறதக் கேளுங்க. காசுகூட வேணாம்."

பின்னாலிருந்து முட்டைக்கடைக்காரர், "ஹவுஸ்ஃபுல் அக்காவுக்கு ஒரு நாள் ரூம் காலியா இருந்தா காய்ச்சல் வந்துடும் போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தான். எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்து, "அவளுக்கு மனுஷங்கன்னா உயிருங்க. நான் பாத்துக்கிறேன். ஒரு மாசம் நாங்க நிம்மதியா இருப்போம்," என்றான். அந்தக் கை முதுகிலேயே இருந்தது. ஒருங்கிணைப்பாளரம்மாவின் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு பாசம் என்று.

கடைசி விருந்தாளிகள் ஒரு விடுமுறை நாளில் கிளம்பினார்கள். இரண்டு கல்லூரி மாணவிகள். அவர்களைப் படகேற்றக் கூடவே போய், அங்கிருந்து அப்படியே எங்காவது போய்விடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் மகள் வீட்டில் இருந்தாள். மெக்கானிக், "நான் போய் ஏத்திவிட்டு வர்றேன். நீ அடுப்பப் பாரு," என்று மாணவிகளின் பையைத் தூக்கிக்கொண்டான்.

அவன் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குக்கரில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவன் தெருக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். மேல் தாழ்ப்பாளையும் போட்டான். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தான்.

"ஏன் நிக்கிற? போய் யாரையாவது கூட்டிட்டு வா. ரூம் காலியாத்தானே கெடக்கு?"

அவள் மாடிப்படியை ஒருமுறை பார்த்தாள்.

"எதுக்கு ஊரையே வீட்டுக்குள்ள கூட்டி வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மூணு வருஷம்டி. எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்."

பெல்ட்டின் முதல் வீச்சு கழுத்தில் சுற்றி இழுத்தது. அவள் முகம் மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. பிறகு எது எங்கே விழுந்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதுகு, காது, மறுபடி முதுகு. முழங்காலில் ஊன்றி நகரப் பார்த்தாள். விலாவில் பூட்ஸ் காலால் ஓர் உதை. உள்ளே எதுவோ காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது. கத்தக்கூட மூச்சு வரவில்லை. முடியைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்குள் இழுத்தான். அவன் வாய் மூடவில்லை. "கூப்பிடு. யாரைக் கூப்பிடுற? கார்டைக் கூப்பிடுறியா? கூப்பிடுடி!"

மாடியிலிருந்து மகள் ஓடி வந்தாள். அதுவரை அவளை அவன் தொட்டதில்லை. அவள் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். காதைக் கடித்தாள். அவன் உலுக்கி, ஒரு கையால் அவளைப் பிய்த்து வீசினான். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் அவள் வாய் மோதியது. எழுந்து உட்கார்ந்தவள் கையில் எதையோ துப்பிப் பார்த்தாள். முன்பல் இரண்டு.

தாய் அதைப் பார்த்தாள்.

அடுப்பிலிருந்த குக்கரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். முறிந்து சேர்ந்திருந்த மணிக்கட்டுக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் எப்படி வந்தது என்று பிற்பாடு டாக்டர் கேட்டார். அவன் மகள் பக்கம் திரும்பியிருந்தான். முதல் அடி முழங்கையில். பெல்ட் கீழே விழுந்தது. அவன் திரும்பினான். இரண்டாவது அடி தாடையில். தாடை ஒரு பக்கமாக நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. குக்கரின் அடிப்பாகம் கன்னத்தில் ஒட்டிய இடம் வெள்ளையாக வெந்துபோனது. அவன் மண்டியிட்டான். அவள் மூன்றாவது தடவை ஓங்கினாள். மகள், "அம்மா, கதவு!" என்று அலறினாள். அந்தக் குரலில் குக்கரைப் போட்டுவிட்டாள்.

தாழ்ப்பாளைத் திறந்து இருவரும் படிக்கட்டில் வந்து விழுந்தார்கள். நல்ல மத்தியானம். சந்தில் ஆட்கள் இருந்தார்கள். முட்டைக்கடைக்காரர் கடை வாசலில் நின்றார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகம். யாரும் அசையவில்லை. "வீட்டு விவகாரம்..." என்று யாரோ இழுத்தார்கள்.

அவன் வெளியே வந்தான். தாடை தொங்க, வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் ஒழுக, பெல்ட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கினான்.

கீழேயிருந்து நாத்தனார் ஏறி வந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தவள் கையிலிருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள். அண்ணியையும் மகளையும் தாண்டிப் போய் அண்ணனுக்கு எதிரே நின்றாள்.

"போதும்ணா. அப்பா போயாச்சு. நீயாவது விடு."

அந்தத் தாடையோடு அவனால் பேச முடியவில்லை. காலால் அவள் நெஞ்சில் உதைத்தான். நாத்தனார் பின்பக்கமாகப் படிகளில் உருண்டு, பைப்படி வரைக்கும் போய் விழுந்தாள். அவளுடைய தொடை எலும்பு உடைந்த சத்தம் மேலே நின்றவர்களுக்கும் கேட்டது. கத்தரிக்கோல் அவள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

துறையிலிருந்து சாப்பாட்டுக்கு ஏறி வந்த படகோட்டிகள் அதைப் பார்த்தார்கள். எல்லோரும் அவனுடைய சிநேகிதர்கள். அவன் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். ஒரு கணம் நின்றார்கள். பிறகு அதில் வயதில் மூத்தவர் மேலே ஏறி வந்து அவன் முகத்தில் குத்தினார். அவ்வளவுதான், மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள். அதுவரை அசையாமல் நின்ற முட்டைக்கடைக்காரரும் இறங்கி வந்தார். ஜன்னலில் இருந்த முகங்களும் கீழே வந்தன. இத்தனை வருடம் காதைப் பொத்திக்கொண்டிருந்த சந்து, ஒரே மூச்சில் அவன் மேல் விழுந்தது. உதைத்தார்கள், மிதித்தார்கள், தலையைப் பிடித்துப் படியில் மோதினார்கள்.

அவள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தாள். ஒவ்வொரு அடி விழும்போதும் அவள் வாய்க்குள் ஒரு குரல், இன்னும், இன்னும் என்றது. அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்தச் சொல்லும்மா. என்னால கேக்க முடியல," என்றாள் மகள், பல் போன வாயால்.

"நிறுத்துங்க," என்றாள். யார் காதிலும் விழவில்லை. எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நுழைந்து அவன்மேல் குனிந்து நின்றாள். யாரோ ஓங்கிய கை அவள் தோள்பட்டையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நின்றது. அவனுக்காக நின்றாயா என்று பின்னால் பலர் கேட்டார்கள். "எம்பொண்ணு கேட்டா. அதுக்கு நின்னேன்," என்று மட்டும் சொல்வாள்.

எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆண்கள் வார்டில் அவன், காவலுக்கு ஒரு போலீஸ்காரர். பெண்கள் வார்டில் மூன்று பேர் அடுத்தடுத்த கட்டிலில். ஒருங்கிணைப்பாளரம்மா ஓடி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குத் தெரியலையேக்கா. நான்தானே ஒரு மாசம்னு..."

"தெரியக் கூடாதுன்னுதானேம்மா அவ்ளோ பாடுபட்டேன். கண்ணத் தொடைங்க. எம்பொண்ணுக்குப் பல்லு கட்ட யாரு நல்ல டாக்டருன்னு விசாரிங்க மொதல்ல."

வழக்கு நடந்தது. அவனுக்கு வைத்த வக்கீல் கெட்டிக்காரர். விருந்தாளிகள் எழுதிய பாராட்டையெல்லாம் அச்செடுத்து வந்து நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார். அன்பான குடும்பம். வேடிக்கையான கணவர். குரலே உயராத வீடு. வாசித்து முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை பேர் உங்க வீட்டுலயே தங்கியிருக்காங்க. உங்க அடுப்படியிலயே உக்காந்திருக்காங்க. ஒருத்தர்கூட ஒரு அடியையும் பாக்கலையே. அது எப்படிம்மா?"

"அவங்க இருந்தா அடிக்க மாட்டாருங்க. அதுக்குத்தான் அவங்கள வரவச்சேன்."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்தினார். "திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னாள். தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பிறர் கேட்கச் சொன்னாள். வக்கீல் மேற்கொண்டு அதைத் தோண்டாமல் வேறு கேள்விக்குத் தாவினார்.

மகள் இதற்குள் பழைய விருந்தாளிகளுக்கெல்லாம் போன் செய்திருந்தாள். பலர் வருத்தப்பட்டார்கள். சாட்சி சொல்ல அவ்வளவு தூரம் எப்படி வருவது என்றார்கள். ரயில் கார்டும் மனைவியும் மட்டும் நாட்டின் மறு கோடியிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்கள் இரண்டாவது முறையும் அந்த வீட்டில் தங்கியிருந்தவர்கள். சாட்சிக் கூண்டில் ஏறியது அந்தம்மா. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று சொன்னார்.

"ரெண்டாவது தடவ வந்தப்ப, ஒருநாள் சாப்பிடும்போது என் ஸ்பூன் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். மேசைக்கடியில இவர் பூட்ஸ் குதிகால இந்தப் பொண்ணோட கால்விரல் மேல வச்சுத் திருகிக்கிட்டிருந்தார். விரலெல்லாம் ரத்தம். நிமிந்து பாத்தா, இந்தப் பொண்ணு எனக்குச் சூப் ஊத்திக்கிட்டிருக்கு. கைகூட நடுங்கல."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றார் வக்கீல்.

அந்தம்மா தலை குனிந்துகொண்டாள். "தங்குற வீட்டோட வழக்கத்துல தலையிடாதீங்க, சரி தப்பு சொல்லாதீங்கன்னு சங்கத்துல சொல்லியிருந்தாங்க. நல்ல பயணி அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

வெளியே வராந்தாவில் அந்தம்மா கையைப் பிடிக்க வந்தாள். ஹவுஸ்ஃபுல் அக்காவுக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ, இரண்டு கையாலும் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினாள்.

"பாத்தீங்களா? பாத்துட்டுத்தான், இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கிண்ணத்த நீட்டுனீங்களா?"

சொன்னது அந்தம்மாவுக்குப் புரியவில்லை. புரியவும் புரிந்தது. எதிர்க்கவில்லை. தலை சுவரில் இடித்தபோதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கார்டு பதறிப்போய், என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். நாத்தனார் ஊன்றுகோலோடு வந்து, "அண்ணி, விடுங்க. விடுங்கண்ணி. பாத்துட்டுச் சொல்லாதவ நானுந்தான். என்னையும் புடிச்சு இடிங்க," என்று சொன்ன பிறகுதான் அவள் கை தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில்கூட அழாத அழுகை அழுதாள்.

கார்டும் மனைவியும் உடனே ஊர் திரும்பவில்லை. தீர்ப்பு வரும்வரை துறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, ஒவ்வொரு நாளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் அவர்களோடு பேசவில்லை. கடைசி நாள் மட்டும், சாப்பாட்டு நேரத்தில், தன் டப்பாவிலிருந்து பாதியைப் பிரித்து அந்தம்மாவின் பக்கம் நகர்த்தினாள். மன்னித்ததாகச் சொல்ல முடியாது. பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், கொடுத்தாள்.

அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடித்த படகோட்டிகள் மேலும் வழக்குப் பதிவாகி, சிலர் கொஞ்ச நாள் உள்ளே போய் வந்தார்கள். தண்டனை முடிந்து வந்த மெக்கானிக் இந்தத் துறைக்குத் திரும்பவில்லை. ஒரு காது கேட்காது, தாடை கோணல், ஆள் வேறு ஏதோ துறையில் வேலை பார்க்கிறான் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். அவள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

சங்கத்தில், குடும்பம் இப்படி உடைந்துபோன வீட்டுக்குப் பயணிகளை அனுப்பலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. ஒருங்கிணைப்பாளரம்மா அதை அந்த இடத்திலேயே வெட்டினாள். இப்போதெல்லாம் புதிதாக ஒரு வீட்டைச் சேர்க்கும் முன், வீட்டுப் பெண்ணைத் தனியாக வெளியே கூட்டிப்போய்ப் பேசுகிறாள். வழக்கம் வேறு, வதை வேறு என்று பயணிகளிடமும் சொல்லி அனுப்புகிறாள். எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அவளுக்கே நிச்சயமில்லை.

நாத்தனார் இப்போது அண்ணி வீட்டின் கீழறையில் மிஷின் போட்டிருக்கிறாள். ஒரு கால் குட்டை. இரண்டு பேருக்கும் தினம் சண்டை. உப்பு அதிகம், வெந்நீர் வைக்கவில்லை, ரேடியோவைக் குறை, இப்படி எதற்கெடுத்தாலும். அந்த வீட்டில் முன்னெல்லாம் கேட்காத சத்தம்.

போன வாரம் மாடியில் தங்கியிருந்த ஓர் இளைஞன், காது கிழிய இவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, பாதி முகத்தில் சவரச் சோப்போடு இறங்கி ஓடி வந்தான். சமையலறை வாசலில் நின்று, அரைகுறைத் தமிழில், "யாருக்காவது ஆபத்தா? நான் யாரையாவது கூப்பிடணுமா?" என்றான்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்லப்பா. மீன் கருகிடுச்சு," என்றாள். "நீ போய் மொகத்தக் கழுவிட்டு வா. சாப்பிடலாம்."